சமக்குறி: கூற்றும் ஏவலும் வினாவும்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், மலருக்கு ஒரு கட்டுரை தருக என்று மலர்க்குழுவினர் பணித்தபோது, சங்க இலக்கியம் பற்றியோ உரையாசிரியர் திறம் பற்றியோ நான் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நானும் அவ்வாறே தொடங்கினேன். ஆனால் எழுத அமர்ந்த நாள்களில் என் மாணவி ஒருத்தி கேட்ட வினா என்னை வேறு திசைக்கு இழுத்துச் சென்றுவிட்டது. கவிஞர்களும் சுவைஞர்களும் கூடியுள்ள அவையில் கணிப்பொறியைப் பற்றிய பேச்சா என்று எவரும் புருவம் உயர்த்த வேண்டா. இது பொறியைப் பற்றிய கட்டுரையன்று. ஒரு குறியைப் பற்றியது. குறியும் அது சுட்டும் பொருளும் என்றும் நம் துறைக்கு உரியவையே.

மாணவியின் வினா

அவள் இளங்கலைத் தமிழ் இரண்டாமாண்டு மாணவி. பள்ளிக் கல்வி முழுவதையும் தமிழ்வழியில் பயின்றவள். தன் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பெண். விருப்பப் பாடமாக நிரலாக்கத்தைத் தேர்ந்திருந்தாள். ஒருநாள் மாலை, துறை அறையின் வாயிலில் தயங்கி நின்றவள், தன் குறிப்பேட்டை விரித்து ஒரு வரியைச் சுட்டிக் காட்டினாள். அவ்வரியில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் தமிழ்ச்சொல்லை இட்டு எழுதினால் அது இவ்வாறு அமையும்:

எண் = எண் + 1

“அம்மா, ஓர் எண்ணும் அதைவிட ஒன்று கூடிய எண்ணும் எப்படிம்மா சமமாகும்? கணக்கில் எழுதினால் இது தப்புதானே?” என்றாள். வகுப்பில் கேட்டாயா என்றேன். “கேட்டேன்மா. அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள் என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்குப் புரிகிறது. எனக்குத்தான் மூளை போதவில்லை. பாடத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கத்தான் வந்தேன்” என்றாள்.

எனக்கு அன்று விடை தெரியவில்லை. முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு ஆண்டுக்கணக்கில் ஓலைச்சுவடிகளோடு பழகியவள் நான்; நிரலோடு பழகியவள் அல்லள். எனினும் ஒன்று மட்டும் புலப்பட்டது. அவள் தவறாகக் கேட்கவில்லை. புரிந்ததாகத் தலையசைத்த மற்றவர்கள் காணாத ஒன்றை அவள் கண்டிருக்கிறாள். சரியான ஐயத்தைத் தன் அறிவின் குறையாக ஒரு மாணவி எண்ணிக்கொள்வாளாயின் அக்குறை கற்பித்தவர் பக்கமே நிற்கும். பாடத்தை மாற்றாதே, ஒரு வாரம் பொறு என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் பல மாதங்களாக நீண்டது. அத்தேடலில் கண்டவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கிறேன்.

குறி என்னும் உடன்பாடு

எக்குறியும் தன் வடிவத்தால் பொருள் தருவதன்று. பயில்வோர் தம்முள் செய்துகொண்ட உடன்பாட்டால் பொருள் தருகிறது. இதனை நாம் பிறரிடம் கற்க வேண்டியதில்லை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. எகரம், ஒகரம் ஆகிய குற்றெழுத்துகளும் புள்ளி பெறும் என்று அந்நூல் கூறுகிறது. ஆயின் ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை இடாமலே எழுதிச் சென்றனர். படிப்பவர் இடமறிந்து படித்துக்கொள்வார் என்பதே அவர்தம் துணிபு. பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர், குறிலுக்கு இருந்த புள்ளியை நீக்கி, நெடிலுக்கு வேறு வடிவு தந்தார். அன்றுமுதல் புள்ளியற்ற எகரத்தின் பொருள் மாறிப்போயிற்று. வடிவம் அதுவே, உடன்பாடு வேறு. அவருக்கு முந்திய சுவடியை இன்றைய எழுத்தறிவோடு மட்டும் படிக்கப் புகுவோர் இடறி விழுவது இதனாலேயாம்.

நம் முன்னோர் கணக்கேடுகளிலும் இத்தகு குறிகள் உண்டு. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று எழுதினர். கணக்குப்பிள்ளைக்கு அவை கைவிரைவு தந்த நண்பர்கள். பழகாத பேரனுக்கோ அவை பூட்டிய கதவுகள். குறியின் இயல்பே இவ்விரட்டைத் தன்மைதான். தெரிந்தவர்க்குச் சுருக்கம், தெரியாதவர்க்குச் சுவர். சுவரைக் கதவாக்குவது உடன்பாட்டை எடுத்துச் சொல்லும் ஆசிரியர் ஒருவரின் கடமையாகிறது.

இரட்டைக் கோடுகளின் பிறப்பு

சமக்குறிக்குப் பிறந்த ஆண்டும் பெற்ற தந்தையும் உண்டு. வேல்சு நாட்டின் டென்பி என்னும் கடற்கரை ஊரில் பிறந்த ராபர்ட் ரெக்கார்டு என்ற மருத்துவர், 1557 ஆம் ஆண்டில் இயற்கணிதம் பற்றித் தாம் வெளியிட்ட ‘அறிவின் சாணைக்கல்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில் இக்குறியை முதன்முதலாக அச்சேற்றினார். ‘இதற்குச் சமம்’ என்ற சொற்றொடரைத் திரும்பத் திரும்ப எழுதும் சலிப்பைத் தவிர்க்கவே ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை இடுவதாகவும், இவ்விரண்டைக் காட்டிலும் சமமான பொருள்கள் வேறில்லை என்பதால் இவ்வடிவைத் தெரிந்தெடுத்ததாகவும் அவரே காரணம் கூறினார். அவர் இட்ட கோடுகள் இன்றைய சமக்குறியைவிடப் பன்மடங்கு நீளமானவை.

ரெக்கார்டைப் பற்றி அறியத் தக்க செய்தி மற்றொன்றுண்டு. இலத்தீனே அறிஞர் மொழியாக இருந்த காலத்தில் அவர் மக்கள் பேசிய ஆங்கிலத்தில் கணித நூல்களை எழுதினார். அவற்றுள் பலவற்றை மாணாக்கன் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் உரையாடலாகவே அமைத்தார். தொடக்கநிலை மாணவருக்காக எழுதிய ஒருவரின் கையிலிருந்தே இக்குறி பிறந்தது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. அவர் வாழ்வோ இனிதாக முடியவில்லை. நூல் வெளிவந்த மறு ஆண்டாகிய 1558 இல் இலண்டன் சிறையொன்றில் அவர் உயிர் நீத்தார். குறியும் உடனே பரவிற்றில்லை. 1618 வரை அது மீண்டும் அச்சில் தலைகாட்டவில்லை என்பர் கணித வரலாற்றாசிரியர். 1637 இல் தம் வடிவியல் நூலை வெளியிட்ட டெக்கார்ட்டே வேறொரு குறியைக் கையாண்டார். நியூட்டனும் லைப்னிட்சும் ஏற்றபின்னரே இரட்டைக் கோடு நிலைபெற்றது.

ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டுவது, ரெக்கார்டின் குறி ஒரு கூற்று என்பதே. ‘இதுவும் அதுவும் சமம்’ என்று அது உள்ளதை உள்ளவாறு உரைக்கிறது. அதில் காலம் இல்லை, கட்டளை இல்லை, ஐயமும் இல்லை. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் அது அவ்வாறே வாழ்ந்தது.

கூற்று ஏவலானது

1957 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தார், ஜான் பேக்கசு தலைமையில் உருவான ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியை வெளியிட்டனர். கணித வாய்பாடுகளை எழுதுவது போலவே எழுதினால் பொறி அதனைத் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் என்பது அதன் நோக்கம். எனவே கணிதர்க்குப் பழகிய சமக்குறியை அவர்கள் எடுத்தாண்டது இயல்பே. துளையிட்ட அட்டைகளில் நிரல் எழுதிய காலம் அது. அட்டையில் இடத்தக்க எழுத்துகளும் குறிகளும் ஐம்பதுக்கும் குறைவு. பெருக்கற்குறி எழுத்தோடு மயங்கும் என்பதால் உடுக்குறி பெருக்கலுக்கு வந்தது. இன்றும் நிரல்களில் பெருக்கலுக்கு * என்ற விண்மீன் வடிவம் வருவது அந்த அட்டைக்காலத்தின் எச்சமாகும்.

ஆனால் பொறிக்கு எழுதும் வாய்பாடு உள்ளதை உரைப்பதன்று. செய்ய வேண்டியதைச் சொல்வது. ‘எண் = எண் + 1’ என்பது சமம் என்று சான்று பகரவில்லை. ‘எண்ணில் இப்போதுள்ள மதிப்போடு ஒன்றைக் கூட்டுக, வந்த விடை எண்ணின் புதிய மதிப்பு ஆகுக’ என்று பணிக்கிறது. எண் என்ற பெயரில் 5 இருந்ததாயின், வலப்பக்கம் முதலில் கணக்கிடப்பட்டு 6 ஆகும். பின்னர் அந்த 6 இடப்பக்கப் பெயருக்கு உரியதாகும். தமிழ்க் கணினிப் பாடநூல்கள் இதனை மதிப்பிருத்தல் என்று வழங்குகின்றன. ஒரே பெயர் இருமுறை வந்தாலும் வலப்பக்கத்து எண் பழையது. இடப்பக்கத்து எண் புதியது. கணிதத்தின் சமக்குறியில் இல்லாத காலம் இங்கே நுழைந்துவிட்டது. நம் இலக்கண வழக்கில் சொல்வதாயின், ரெக்கார்டின் கூற்று இங்கு விதித்தற்பொருளில் வந்த வியங்கோளாக மாறிவிட்டது.

இம்மாற்றம் இடறல் தரும் என்பதை ஃபோர்ட்ரானை ஆக்கியவர்கள் அறியாதவர் அல்லர். 1956 இல் வந்த அவர்தம் கையேட்டிலேயே, இங்குச் சமக்குறி ‘சமம்’ என்று பொருள்படாது, ‘இதனால் மாற்றீடு செய்யப்பட வேண்டும்’ என்று பொருள்படும் என விளக்கம் தந்தனர். முதற் கையேடு சொன்ன ஒரு வரியைப் பிற்கால வகுப்பறைகள் பல மறந்தன. என் மாணவியின் கண்ணீருக்கு அம்மறதியே காரணம்.

கணிதரின் குறிகள் அலுவலகத்தாருக்கு உதவா எனக் கருதியோரும் அன்று இருந்தனர். கிரேசு ஹாப்பர் என்ற பெண் அறிஞர் ஆங்கிலச் சொற்களாலேயே நிரல் எழுதலாம் என்று வாதிட்டுச் செய்தும் காட்டினார். அவர் வழியில் 1959, 1960 ஆம் ஆண்டுகளில் உருவான கோபால் என்னும் மொழியில், ‘இதனை அதனோடு கூட்டுக’, ‘இதனை அதற்கு நகர்த்துக’ என்ற முறையில் ஏவல்கள் சொற்களாகவே நின்றன. வாக்கியம் முற்றுப்புள்ளியால் முடிந்தது. அங்கே மயக்கம் குறைவு, எழுத்து மிகுதி. சுருக்கம் வேண்டின் மயக்கத்தையும், தெளிவு வேண்டின் நீளத்தையும் ஏற்க வேண்டும் என்பது செய்யுள் யாக்கும் நம்மனோர்க்குப் புதிய பாடமன்று.

அல்கால் தந்த குறியும் இழந்த அம்பும்

1958 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சூரிக் நகரில் ஐரோப்பிய அறிஞரும் அமெரிக்க அறிஞரும் கூடிப் பொது நிரல்மொழி ஒன்றை வகுத்தனர். அதுவே அல்கால். பதின்மத்தைக் குறிக்கப் புள்ளி இடுவதா, ஐரோப்பிய வழக்கப்படி காற்புள்ளி இடுவதா என்பது பற்றிக்கூட அங்குக் கடும் வாதம் எழுந்தது. கருத்தளவில் மொழி ஒன்றாகவும், அச்சிலும் பொறியிலும் அதன் உருவம் வேறாகவும் இருக்கலாம் என்று வகுத்தே அப்பூசலைத் தீர்த்தனர். ஒலி வேறு, வரிவடிவம் வேறு என்னும் நம் எழுத்தியல் கோட்பாட்டோடு இது ஒப்புநோக்கத் தக்கது.

சமக்குறியைப் பொறுத்தவரை அல்கால் ஒரு நேர்மையான முடிவை எடுத்தது. சமக்குறி சமத்துக்கே உரியது; மதிப்பிருத்தலுக்கு முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த := என்ற புதுக்குறி. முன்னே நிற்கும் இரு புள்ளிகள், ‘இது சமன்பாடன்று, ஆக்கம்’ என்று எச்சரிக்கின்றன. இதனை ‘ஆகுக’ என்று படிக்கலாம்.

இன்னும் தெளிவான குறி ஒன்றும் இருந்தது. கென்னத் ஐவர்சன் 1962 இல் வெளியிட்ட தம் நூலில் மதிப்பிருத்தலுக்கு இடப்பக்கம் நோக்கும் அம்பினைக் கையாண்டார். எண் ← எண் + 1 என்று எழுதினால் எவருக்கும் ஐயம் எழாது. மதிப்பு எத்திசையில் செல்கிறது என்பதை அம்பே காட்டிவிடும். 1963 இல் அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி என்னும் எழுத்துக்குறித் தரத்திலும் இவ்வம்புக்கு ஓர் இடம் இருந்தது. 1967 இல் அத்தரத்தைத் திருத்தியபோது அம்பை நீக்கி அவ்விடத்தில் அடிக்கோட்டை வைத்தனர். விசைப்பலகையில் இல்லாத குறி எத்துணைத் தெளிவுடையதாயினும் வழக்கில் நிலைப்பதரிது. இன்று நாம் தட்டும் அடிக்கோட்டு விசையின் கீழே அந்த அம்பு புதைந்து கிடக்கிறது என்று சொன்னால் கவிஞர்கள் பொறுத்துக்கொள்வர்.

ஏவலும் வினாவும் பிரிந்தன

நிரலுக்கு மூன்றாவதொரு தேவையும் உண்டு. ‘இருப்பு சுழியமாயின் நிறுத்துக’ என்று நிபந்தனை இடும்போது, இருப்பும் சுழியமும் சமமா என்று வினவ வேண்டும். இது கூற்றுமன்று, ஏவலுமன்று, வினா. 1967 இல் கேம்பிரிட்சின் மார்ட்டின் ரிச்சர்ட்சு ஆக்கிய பிசிபிஎல் என்னும் மொழி, அல்காலின் வழிநின்று, ஏவலுக்கு := என்றும் வினாவுக்கு = என்றும் வைத்தது.

1969, 1970 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், பிசிபிஎல் மொழியைச் சுருக்கி ‘பி’ என்னும் மொழியை ஆக்கினார். மிகச் சிறிய நினைவகம் கொண்ட பொறியில் அவர் பணியாற்றினார். அவர் உளப்பாங்கும் சுருக்கத்தையே நாடியது. நிரல்களில் வினாவைவிட ஏவலே மிகுதியாக வருகிறது. மிகுதியாக வருவதற்குக் குறுகிய குறி வேண்டும் என்பது இம்மாற்றத்துக்குச் சொல்லப்படும் காரணம். எனவே ஏவலுக்கு ஒற்றைச் சமக்குறியும், வினாவுக்கு இரட்டைச் சமக்குறியும் (==) வந்தன. அவருடைய தோழர் டென்னிசு ரிச்சி, ‘பி’ மொழியை வளர்த்து ‘சி’ மொழியாக்கியபோது அவ்வழக்கம் உடன் வந்தது. சி மொழியின் வழிவந்த சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் முதலியவற்றிலும், வேறு மரபினதாகிய பைத்தானிலும் அதுவே நின்று நிலவுகிறது.

தமிழில் ‘சமம்’ என்ற கூற்றை வினாவாக்க ஓர் ஆகாரம் போதும், ‘சமமா’ என்றாகிவிடும். நிரல்மொழியில் இரண்டாவது சமக்குறி அந்த வினா ஆகாரத்தின் பணியையே செய்கிறது. இதனை நான் சொன்ன அன்று என் மாணவியின் முகம் மலர்ந்ததை மறக்க இயலாது. வினாவெழுத்து அவள் ஆறாம் வகுப்பிலேயே கற்ற பாடம்.

குறிகள் அடுத்து நிற்கும்போது எழும் மயக்கமும் தாம்சனார் மொழியில் இருந்தது. ஒரு மதிப்பிலிருந்து ஒன்றைக் கழிக்க, ‘க =- 1’ என்று எழுதுவது அம்மொழியின் மரபு. இடைவெளியின்றிக் ‘க=-1’ என்று எழுதினால், ‘கவிலிருந்து ஒன்றைக் கழிக்க’ என்பதா, ‘கவுக்குக் குறை ஒன்று என்ற மதிப்பை இடுக’ என்பதா என்ற ஐயம் பிறக்கும். நம் புலவர் இதனைப் பிரிமொழிச் சிலேடை என்று பாராட்டியிருப்பர். பொறிக்குச் சிலேடை ஆகாது. 1976 இல் சி மொழியில் அதனை -= என்று முறைமாற்றி இம்மயக்கத்தைத் தீர்த்தனர். பாட்டில் அணியாக நிற்பது நிரலில் பிழையாக நிற்கிறது.

ஒரு கோட்டிணையின் விலை

ஏவலுக்கும் வினாவுக்கும் இடையே ஒரே ஒரு சமக்குறிதான் வேறுபாடு என்பதால் விளைந்த தீங்குகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவாக அமைந்த நிரலின் படியொன்றில், 2003 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், எவரோ இரண்டே வரிகளை மறைவாகச் சேர்த்தனர். மேலோட்டமாகப் படிப்பவர்க்கு அது, ‘பயனரின் அடையாள எண் சுழியமா?’ என்று வினவும் நிபந்தனையாகத் தோன்றும். சுழியம் என்பது அவ்வமைப்பில் முழு அதிகாரமுள்ள தலைமைப் பயனரின் எண். ஆனால் அங்கே இருந்தது இரட்டைச் சமக்குறியன்று, ஒற்றை. ஆகவே அது வினவவில்லை. ‘பயனரின் அடையாள எண் சுழியம் ஆகுக’ என்று பணித்தது. மறைவுச்சொல் போன்ற ஓர் அழைப்பைச் செய்யும் எவரும் அக்கணமே தலைமைப் பயனராகிவிடலாம்.

முறைப்படியான ஒப்புதற் பதிவு அவ்வரிகளுக்கு இல்லாமை கண்டு, பொறுப்பாளர்கள் உடனே பிடித்துவிட்டனர். அது மூல நிரலை எட்டவில்லை. செய்தவர் யாரென்று தெரியாமலே போயிற்று. சுவடி பெயர்த்தெழுதுவோர் விட்ட ஒரு புள்ளியால் பாடம் திரிவதை நாம் அறிவோம். அது பெரும்பாலும் அறியாமை. இங்கோ, படிப்பவர் கண் ஒரு கோட்டிணையைத் தவறவிடும் என்று கணக்கிட்டே ஒருவர் எழுதியிருக்கிறார். குறியைச் சரியாகப் படிக்கக் கற்பித்தல் தேர்வுக்கான பயிற்சி மட்டுமன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மீண்டு வந்த குறி

நெதர்லாந்தின் கைடோ வான் ராசம் 1991 இல் வெளியிட்ட பைத்தான், இவ்வாபத்தை உணர்ந்து, நிபந்தனையினுள் ஒற்றைச் சமக்குறி வந்தால் அதனைப் பிழை என்று மறுத்துவிடுகிறது. ஆயினும் நிபந்தனைக்குள்ளேயே மதிப்பிருத்தும் வசதி வேண்டும் என்று பின்னர்ச் சிலர் கேட்டனர். அதற்கென முன்மொழியப்பட்ட குறி, அல்காலார் 1958 இல் வகுத்த அதே :=. தேவையா தேவையற்றதா என்று எழுந்த வாதம் கசப்பாக முற்றியது. முன்மொழிவை ஏற்றுக்கொண்ட வான் ராசம், 2018 சூலையில், இனி இத்தகைய பூசல்களைத் தாங்கேன் என்ற மனநிலையில், அம்மொழிக்குத் தாம் வகித்த தலைமையையே துறந்தார். 2019 இல் அக்குறி பைத்தானில் இடம்பெற்றது. இரண்டு எழுத்துகளாலான குறியொன்று ஒரு மொழியின் தந்தையைப் பதவி விலகச் செய்தது. எழுத்துச் சீர்திருத்தத்துக்காக நாம் நடத்திய சொற்போர்களை நினைப்பவர் இதில் வியப்படையார்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலோ சமக்குறி மூன்றாகவும் வளர்ந்தது. அதில் இரட்டைச் சமக்குறி, 5 என்ற எண்ணையும் ‘5’ என்ற எழுத்தையும் சமம் என்று ஒப்பிவிடும். வகையும் ஒத்திருக்கிறதா என்று வினவ === என்ற மூன்றடுக்குக் குறி 1999 ஆம் ஆண்டின் தரத்தில் சேர்ந்தது. எதனால் ஒப்பு என்று கேட்பதும் நமக்குப் பழகியதே. வினை, பயன், மெய், உரு என்று உவமையின் வகைகளைப் பகுத்தவர் தொல்காப்பியர். உவம உருபுகள் முப்பத்தாறினை எடுத்தோதியவரும் அவரே. ஒப்புமை ஒருவகைப்பட்டதன்று என்பதை உணர்ந்த மொழியினர் நாம். ஒப்புக்கு ஒரு குறி போதாது என்பதை நிரலாளரும் பட்டறிந்துகொண்டனர்.

தொடக்கநிலை மாணவர்க்கு

இவ்வரலாற்றிலிருந்து கற்பித்தலுக்கு மூன்று நெறிகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் என் மாணவியோடும், பின்னர் அவளோடு சேர்ந்துகொண்ட நால்வரோடும் இருந்து முயன்று பார்த்தேன்.

முதலாவது, குறியை வாயால் படிக்கச் செய்தல். மாணவர்கள் நிரலைக் கண்ணால் மட்டுமே பார்க்கின்றனர். ‘=’ என்பதை எப்போதும் ‘சமம்’ என்றே மனத்துக்குள் ஒலித்துக்கொள்கின்றனர். அதனை ‘ஆகுக’ என்றும், ‘==’ என்பதைச் ‘சமமா’ என்றும் உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘எண் ஆகுக, எண்ணோடு ஒன்று’ என்று படித்தவுடன் அவ்வரியின் முரண் மறைந்துவிடுகிறது. நிரலும் ஒருவகைச் செய்யுளே. வாய்விட்டுப் படித்தாலன்றிப் பொருள் முழுதும் விளங்காது.

இரண்டாவது, குறியின் பிறப்பைச் சொல்லுதல். பெருக்கலுக்கு ஏன் விண்மீன் என்றால் துளையட்டையின் கதை; & என்னும் குறி ஏன் ‘உம்’மைப் பொருள் தருகிறது என்றால் ‘எத்’ என்னும் இலத்தீனச் சொல்லின் இரண்டெழுத்துகள் பிணைந்த கதை. தமிழில் நாம் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்று நிறுத்தத்தின் அளவால் பெயரிட்டுள்ளோம். அவ்வாறிருக்க, சி மொழியில் ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியால் முடிவதேன் என்று ஒரு மாணவி கேட்டாள். அல்காலில் அரைப்புள்ளி ஒரு கட்டளையை அடுத்ததிலிருந்து பிரிக்கும் வேலியாகவே நின்றது. சி மொழியில்தான் அது முடிவுக்குறியாயிற்று. முற்றுப்புள்ளியோ எண்களின் நடுவே பதின்மப் புள்ளியாக முன்னரே பணியேற்றிருந்தது. காரணம் தெரிந்த குறி எளிதில் மறப்பதில்லை.

மூன்றாவது, மாணவரின் ஐயத்தை மதித்தல். ‘அது அப்படித்தான்’ என்பது விடையாகாது. எந்தக் குறியும் ‘அப்படித்தான்’ பிறந்ததில்லை. ஒருவர் சலிப்பாலும், ஒருவர் அட்டைப் பற்றாக்குறையாலும், ஒருவர் சுருக்க விருப்பத்தாலும் தெரிந்தெடுத்தவையே அவை. வேறாகவும் இருந்திருக்கக் கூடியவை. இதனை அறிந்த மாணவர் குறிக்கு அஞ்சார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இம்முறையால் மட்டும் எவரும் நிரலாளர் ஆகிவிட இயலாது. குறியைப் படிக்கத் தெரிந்தபின் சிந்திக்கத் தெரிய வேண்டும். அது நீண்ட பயிற்சி. என் மாணவி அப்பாடத்தில் முதல் மதிப்பெண் பெறவில்லை. நடுத்தர மதிப்பெண்ணே பெற்றாள். ஆனால் பாடத்தை மாற்றவில்லை. தன் குறிப்பேட்டின் பின்பக்கங்களில் ஒவ்வொரு குறிக்கும் எதிரே அதனைத் தமிழில் எவ்வாறு படிப்பது என்று எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த ஆண்டு மாணவியர் இருவர் அதனைப் படியெடுத்துச் சென்றதாக அறிந்தேன். ஏடு பெயர்த்தெழுதும் மரபு அற்றுவிடவில்லை போலும்!

நிறைவாக

உள்ளதைச் சொல்லப் பிறந்த ஒரு குறி, நானூறு ஆண்டுகளுக்குப்பின் ஏவலாயிற்று; பின் தன்னையே இரட்டித்துக்கொண்டு வினாவாயிற்று. கூற்று, ஏவல், வினா என்னும் மூன்றையும் வேறுபடுத்தி அறியும் நுட்பம் நம் இலக்கணத்தில் பண்டே உள்ளது. அந்நுட்பத்தைக் கணிப்பொறி வகுப்பின் வாயில்வரை கொண்டு சென்று மாணவர் கையில் தருதல் தமிழாசிரியருக்கு உரிய பணியே அன்றிப் பிறர் எல்லைக்குள் புகுதல் ஆகாது.

நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு என் சிறு வேண்டுகோள் ஒன்றுண்டு. கலைச்சொற்களைப் பலரும் ஆக்கியுள்ளனர். குறிகளை வாய்விட்டுப் படிப்பதற்குரிய தமிழ்ச் சொற்கள் போதிய அளவில் இன்னும் வகுப்பறையை எட்டவில்லை. ‘ஆகுக’ என்பதும் ‘சமமா’ என்பதும் ஓர் ஆசிரியை தன் மாணவியர்க்காக அவசரத்தில் பொருத்திப் பார்த்தவை. செவிக்கு இனியவையும் நாவுக்கு எளியவையும் ஆகிய சொற்களைத் தேர்ந்து தரவல்லவர் கவிஞர்களே. திங்கள்தோறும் கூடும் நம் அமர்வுகளில் ஒன்றை இதற்கென ஒதுக்கிக் கவிஞர் பெருமக்கள் கூடி ஆய்ந்தால், குறிப்பேட்டோடு வாயிலில் தயங்கி நிற்கும் மாணவியர் பலர்க்கு அது உதவும். அவ்வமர்வுக்கு என் மாணவியையும் அவள் குறிப்பேட்டையும் அழைத்துவர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.